மாமனார் ஊரில் ஒரு நாள் பேட்டா

சிந்தாமணி பல்பொடிக் கம்பெனியில் மூன்று வருஷமாகப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த என்னை, வெளியூர் ரெப்ரசென்டேடிவ் ஆக்கிவிட்டதாகப் போன மாதம் மானேஜர் கூப்பிட்டுச் சொன்னபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சம்பளம் ஏறவில்லை. ஏறாவிட்டால் போகிறது. பேட்டா உண்டே. வெளியூர் போகிற நாளுக்கு ஒன்றரை ரூபாய், சாப்பாட்டுக்கென்று கம்பெனியே கொடுக்கும். பொட்டலம் மடிக்கிறவன் தன் சோற்றைத் தானே தூக்குச் சட்டியில் கொண்டுவந்து, பல்பொடி நெடியில் மூலையில் குந்தித் தின்ன வேண்டும். ரெப்ரசென்டேடிவ் அப்படியா? அவன் எந்த ஊருக்குப் போனாலும் அவனுக்குக் கம்பெனி சோறு போடுகிறது. அன்று மிண்ட் தெருவிலிருந்து வண்ணாரப்பேட்டை வரைக்கும் நான் நடக்கவே இல்லை, ஓடினேன்.

முதல் டூர் திருத்தணிக்கு. ஐப்பசிக் கிருத்திகை, கூட்டம் அலைமோதும், பல்பொடி பறக்கும் என்றார் மானேஜர். சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“அந்த ஊர்ல உனக்கு உறவு யாராவது இருக்காங்களாப்பா?”

உறவு இருக்கிற ஊருக்குப் பேட்டா கிடையாது என்பது கம்பெனிச் சட்டம். எனக்கு முன்னால் இருந்த ஒரு மகானுபாவன் ஊர் ஊராக அத்தை வீட்டிலும் சித்தி வீட்டிலும் மூக்குமுட்டத் தின்றுவிட்டு, கம்பெனியிடமும் காசு வாங்கிக்கொண்டிருந்தானாம்.

“ஒருத்தரும் இல்லை சார்” என்றேன்.

நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், பேட்டாவுக்கு ஆசைப்பட்டுச் சொன்ன பொய் அல்ல அது. கோபத்தில் வந்த வார்த்தை. திருத்தணியில் என் மனைவி வரலட்சுமி இருந்தாள். அவளைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு அவள் அப்பா வீரபத்திரன் இருந்தார். அந்த மனிதரை நினைத்தாலே எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும்.

என்ன நடந்தது என்று கேளுங்கள், நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். எங்களுக்குக் கல்யாணம் ஆனது வைகாசியில். ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். அழைத்துப்போக மாமனார் பட்டணம் வந்தார். யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலம். காலையிலிருந்து கியூவில் நின்று அரிசி வாங்கினேன். பக்கத்து வீட்டில் கடனாக இன்னும் ஒரு படி வாங்கினேன். வடை, பாயசம் எல்லாம் செய்தாள் வரலட்சுமி. இலை போட்டுக் கூப்பிட்டால், மனிதர் வாசற்படியை விட்டு அசையவில்லை. பெண் கொடுத்த வீட்டில் பேரப்பிள்ளை பிறக்கிறவரைக்கும் கை நனைக்க மாட்டார்களாம். தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்களாம். அது அவர்கள் பக்கத்து வழக்கம். எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. சரி, அதுவாவது போகட்டும். என் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு, தன் மடியில் கட்டிக் கொண்டுவந்த வாழைப்பழத்தை எடுத்து உரித்து, தெருவே பார்க்கச் சாப்பிட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

“என் வீட்டுத் தண்ணி ஆவாதவரு, எனக்குப் பொண்ண மட்டும் ஏன் குடுத்தீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஆடி முடிந்தது, ஆவணி முடிந்தது, புரட்டாசியும் முடிந்தது. மாப்பிள்ளை வந்து சாப்பிட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போகட்டும் என்று அவர் சொல்லி அனுப்பினார். அவர் வீட்டுச் சோற்றில் கை வைக்க மாட்டேன், பெண்ணை அனுப்பி வைக்கட்டும் என்று நான் சொல்லி அனுப்பினேன். நடுவில் வரலட்சுமி என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அவள் இல்லாத வீட்டில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அதையும் வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன்.

இந்த நிலையில்தான் பேட்டா வந்தது. என் சந்தோஷம் இப்போது புரிகிறதா? அவர் ஊருக்கே போவேன். அவர் வீட்டு வாசற்படி ஏறாமல், அவர் உப்பைத் தின்னாமல், அவர் ஊர் நடுவில் ஓட்டலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கம்பெனி செலவில் சாப்பிடுவேன். பிறகு தெருவில் நின்றபடியே, “வரலட்சுமி, ராத்திரி வண்டிக்குப் போறோம், கெளம்பு” என்பேன். வந்தால் வருகிறாள். வராவிட்டால்? அந்த இடத்துக்கு வந்ததும் யோசனையை நிறுத்திக்கொள்வேன்.

கிருத்திகையன்று விடியற்காலை ரயில் ஏறினேன். மணவூர் தாண்டும்போதே காவடிக்காரர்கள் பாட ஆரம்பித்துவிட்டார்கள், நானும் சேர்ந்து தாளம் போட்டேன். அரக்கோணத்தில் வண்டி மாறும்போது இட்லி வாசனை ஆளைத் தூக்கியது. சாப்பிடவில்லை. முதல் பேட்டாவை மாமனார் ஊரில்தான் உடைப்பது என்று வைராக்கியம். மூன்று எட்டணாக் காசுகளும் சட்டைப் பையில் கலகலத்துக்கொண்டிருந்தன.

திருத்தணி ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தேனோ இல்லையோ, ஒரு ஜட்கா என் முன்னால் வந்து நின்றது. மாமனாருக்கு ஊரில் நாலு ஜட்கா ஓடுகின்றன. ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரம் போகிற கூட்டத்தில் பாதி அவர் வண்டியில்தான் ஏறும். வந்து நின்ற வண்டியை ஓட்டியவர் சத்தார் பாய், எங்கள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு வண்டி ஓட்டியவர்.

“வாங்க மாப்ளே, ஏறுங்க.”

“வேணாம் பாய். நடந்து போய்க்கிறேன்.”

“பொட்டி கனமா கீதே.”

“என் பொட்டி, என் கை.”

“மொதலாளி உத்தரவுங்க. மாப்ள எந்த ரயில்ல வந்து எறங்கினாலும் இந்த ஊர்ல கால் நோவ நடக்க உடக்கூடாதுன்னு ஆடி மாசத்துலேர்ந்து சொல்லிகினு கீறாரு.”

“நான் மாப்ளயா வரல. கம்பெனி ஆளா வந்துகிறேன்” என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தேன்.

ஏற மறுத்தால் அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. வண்டியில் ஒரு சவாரியும் ஏற்றாமல் என் பின்னாலேயே வந்தார். நான் வேகமாக நடந்தால் குதிரையும் வேகமாக வந்தது. நான் நின்றால் குதிரையும் நின்று என் கழுத்தில் மூச்சு விட்டது. கடைத்தெரு முழுக்க இந்த ஊர்வலம் போயிற்று. ஒரு வெளியூர்க் கிழவர், பெட்டியில் சுவாமி நகை போகிறதாக்கும் என்று எண்ணிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உள்ளூர்க்காரர்கள் அப்படி ஏமாறவில்லை. “வீரபத்திரன் மாப்ள வந்துகிறாரு, நடந்து போறாரு” என்ற சேதி எனக்கு முன்னால் ஓடிப் போயிற்று.

போகட்டும் என்று சரவணப் பொய்கைக் கரையில் கடை பரப்பினேன். சும்மா சொல்லக்கூடாது, பல்பொடி விற்பதற்கு அதைவிட நல்ல இடம் உலகத்தில் கிடையாது. குளிக்க வருகிறவன் எல்லாம் முதலில் பல் விளக்குவான் அல்லவா?

“பல்லு கூசுதா? ஈறு வீங்குதா? பக்கத்துல இருக்கறவங்க மூஞ்சிய திருப்பிக்கறாங்களா? சிந்தாமணி பல்பொடி, பொட்டலம் ஓரணா” என்று குரல் எடுத்தேன். தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை. என் தொண்டைக்குள் இப்படி ஒரு குரல் இருக்கிறது என்று எனக்கே அன்றுதான் தெரியும். பொட்டலம் மடித்த மூன்று வருஷத்தில் யாருக்கு அதைக் காட்டுவது? மொட்டை போட்டவர்களும் போடப்போகிறவர்களும் சுற்றி நின்று ரோஜா நிறத்தில் நுரை தள்ளினார்கள். ஒரு காவடிக்காரர் தன் பேரனுக்கென்று பத்துப் பொட்டலம் வாங்கினார். பேரனுக்கு இன்னும் பல் முளைக்கவில்லையாம். உச்சி வேளைக்குள் பெட்டி காலி. எனக்கு ஆகாயத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. வயிறு மட்டும் தரையில் கிடந்து கத்தியது.

இப்போது பேட்டா. முகம் கழுவி, தலை வாரி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முதல் ஓட்டலுக்குள் நுழைந்தேன். சத்தார் பாயின் வண்டியும் வாசலில் வந்து நின்றது. கல்லாவில் இருந்தவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், “சாப்பாடு தீந்து போச்சிங்க” என்றார். உள்ளே ஒரு வரிசையே சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தது. அடுத்த ஓட்டலில் சோறு இருந்ததாம், இலை இல்லையாம். அவர் முதுகுக்குப் பின்னாலேயே ஒரு கட்டு வாழை இலை பச்சைப்பசேல் என்று கிடந்தது. நான் அதைக் காட்டியதும், அது நாளைக்கு வைத்திருக்கிறது என்றார்.

மூன்றாவது, தேசப்பன் ஓட்டல். தேசப்பன் தங்கமான மனிதர், பொய் சொல்லத் தெரியாது.

“உக்காருங்க மாப்ளே. தண்ணி குடிங்க, விசிறி போடச் சொல்றேன். சோறு மட்டும் கேக்காதீங்க” என்றார்.

“ஏங்க? என் காசு காசு இல்லியா?”

“ரயில்ல வர்ற கூட்டம் எந்த ஓட்டல் வாசல்ல எறங்குதுன்றது யாரு கையில கீது? ஒங்க மாமனார் வண்டிங்க கையில. அவரு மாப்ளைக்கு நான் காசுக்கு சோத்த வித்தேன்னு வெச்சிக்கங்க, நாளைக்கு என் வாசல்ல ஒரு வண்டி நிக்குமா? சும்மா போடலாம்னா அது அதவிட மோசம். அவரு வீட்டுல சோறு இல்லாத மாதிரி ஆயிடும். மாமனார் இருக்கற ஊர்ல மாப்ள ஓட்டல்ல சாப்புட்டா ஊரு என்னா சொல்லும்? அவர் மானம் கப்பலேறிடும்ங்க.”

எனக்கு வந்ததே கோபம். பசி ஒரு பக்கம். பையில் காசு இருந்தும் ஊரே சேர்ந்து பட்டினி போடுகிறதே என்கிற ஆத்திரம் ஒரு பக்கம். கேள்விப்பட்டதுண்டா நீங்கள், காசு வைத்துக்கொண்டு கையேந்தி நிற்கிற கதையை? மூன்று எட்டணாவையும் எடுத்துக் கல்லாமேல் அறைந்தேன்.

“நான் யாரு மாப்ளயும் கெடையாது. இந்த ஊர்ல எனக்கு ஒருத்தரும் இல்ல. கம்பெனியிலயே அப்படித்தான் சொல்லிட்டு வந்துகிறேன். எல்லாரும் நல்லா கேட்டுக்கங்க.”

ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கையை இலையில் வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார்கள். வாசலில் நின்ற சத்தார் பாயும் கேட்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. வண்டியில் ஏறி, காலையிலிருந்து முதல் தடவையாக என்னை விட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு போனார். தொலைந்தது சனியன் என்று நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். சோறு வராமல் இந்த இடத்தைவிட்டு எழுந்திருப்பதில்லை என்று முடிவு. தேசப்பன் காசைத் தொடவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அதே வண்டி திரும்பி வந்தது. அதிலிருந்து வரலட்சுமி இறங்கினாள்.

மாதக்கணக்கில் பார்க்காத முகம். கொஞ்சம் இளைத்திருந்தாள். அடுப்படியிலிருந்து அப்படியே வந்தவள் போல நெற்றியில் வியர்வை. எழுந்து ஓடவேண்டும் போலக் கால் துடித்தது, ஆனால் நான் எடுத்த வீம்பு என்னை உட்கார வைத்திருந்தது. வெளியூரிலிருந்து சாமி கும்பிட வருகிற பெண்கள் ஓட்டலில் சாப்பிடுவது உண்டு. உள்ளூர்ப் பெண் ஒருத்தி ஓட்டல் வாசல் மிதித்ததை அந்த ஊர் பார்த்ததில்லை. அவள் விடுவிடுவென்று உள்ளே வந்து என் முன்னால் நின்றாள்.

“உங்களுக்கு இந்த ஊர்ல ஒருத்தரும் இல்லன்னு சொன்னீங்களாமே.”

“கோவத்துல சொன்னேன்.”

“ஒருத்தரும் இல்லன்னா என்னையும் சேத்துத்தான?”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் விழவில்லை. மாமனாரை அவமானப்படுத்துவதாக நினைத்து யாரை அடித்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“தேசப்பண்ணே, ரெண்டு எல போடுங்க. அவருக்கு இங்க ஒருத்தரும் இல்லன்னா எனக்கும் ஒருத்தரும் இல்ல. அநாதைங்க ரெண்டு பேருக்கு ரெண்டு எல.”

தேசப்பன் கையைப் பிசைந்தார். “வேணாம்மா. ஒங்க நைனாவுக்குத் தெரிஞ்சா…”

“தெரியட்டும்னுதான் அவரக் கூப்புட சத்தார் பாய அனுப்பிகிறேன். நீங்க எலயப் போடுங்க.”

இலை விழுந்தது. தண்ணீர் தெளித்தோம். சோறு மட்டும் வரவில்லை. பரிமாறுகிறவன் அன்னக்கூடையைப் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்தபடி நின்றான். ஓட்டலில் சாப்பிட்டு முடித்தவர்கள்கூட எழுந்திருக்கவில்லை. வேடிக்கை பார்க்க வாசலிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. அந்தக் கூட்டம் திடீரென்று விலகியது.

வீரபத்திரன் வந்தார். கையில் குதிரைச் சாட்டை. மகள் வெறும் இலைக்கு முன்னால் ஓட்டலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்து நானும் பதிலுக்குக் கத்தத் தயாராக இருந்தேன். அவர் குரல் கம்மியிருந்தது.

“ஏம்மா, நம்ம வீட்டுல சோறு இல்லியா?”

“இருக்குது நைனா. நீ அவரு வீட்டுல தண்ணி குடிக்க மாட்ட. அவரு உன் வீட்டுல சோறு துன்ன மாட்டாரு. நான் யாரு வீட்டுல துன்றது, நீயே சொல்லு. அதான் யாரு வீடும் இல்லாத எடமா பாத்து வந்து உக்காந்துகிறேன்.”

மாமனார் என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன்.

“வீட்டுக்கு வாங்க மாப்ளே. எதுவா இருந்தாலும் சாப்புட்டுப் பேசலாம்” என்றார்.

“வர முடியாதுங்க” என்றேன். வீம்பு மிச்சமிருந்தது. “கம்பெனி எனக்குப் பேட்டா குடுத்துகீது. வேலையா வந்த ஊர்ல ஓட்டல்ல சாப்புடறதுக்குன்னு குடுத்த காசு. அத வாங்கிகினு ஒரு வீட்டுல போய்ச் சாப்புடக்கூடாது. அது சட்டம்.”

“பேட்டான்னா?”

“வேலைக்கு வெளியூர் போறவனுக்குச் சோத்துக்குன்னு மொதலாளி குடுக்கறது.”

“படிக் காசச் சொல்றீங்களா? ஆர்.கே.பேட்டை சவாரி போறவனுக்கு நான் குடுப்பேனே, அதா?”

“ஆங், அதேதான்.”

“படி வாங்கினவன் போற எடத்துல ஒரு வீட்டுல கை நனைக்கக் கூடாது. நனைச்சா, இவனுக்கு மொதலாளி சோறு போடலன்னு ஆயிடும். என் வண்டிங்கள்லயும் அதான் சட்டம்” என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். “இன்னா சத்தாரு?”

“ஆமாங்க. நான் ஒரு தபா கல்யாண வீட்டுல பிரியாணி துன்னுட்டேன். ஒரு வாரம் எனக்கு வண்டி குடுக்கல” என்றார் சத்தார் பாய்.

ஓட்டலில் யாரோ சிரித்தார்கள். மாமனார் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, “அப்போ நீங்க செய்யறது நாயந்தான் மாப்ளே. நான்தான் தப்பா நெனச்சிட்டேன்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சண்டைக்கென்று கிளம்பி வந்தவனிடம் எதிராளி நீ செய்தது நியாயம் என்று சொன்னால் அவன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்? ஊரார் முன்னால், தன் வண்டிக்காரர்கள் முன்னால், அந்த மனிதர் தழைந்து பேசிவிட்டார். என் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்த இடத்தில் குபீரென்று ஒரு உற்சாகம் ஏறிக்கொண்டது. எழுந்து நின்றேன்.

“மாமா, நீங்களும் உக்காருங்க. மூணாவது எல போடச் சொல்றேன்.”

“பொண்ணு குடுத்தவன் மாப்ள காசுல எப்பிடிங்க…”

“என் காசு எங்க இருக்குது இதுல? கம்பெனி காசு. இது என் வீடும் இல்ல, தேசப்பன் ஓட்டல். உங்க வழக்கத்துல பல்பொடிக் கம்பெனி சோத்த துன்னக்கூடாதுன்னு எங்கயாவது சொல்லிகீதா?”

மாமனார் தேசப்பனைப் பார்த்தார், சத்தார் பாயைப் பார்த்தார், கடைசியில் மகளைப் பார்த்தார். வரலட்சுமி பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். அவர் சாட்டையைச் சுவரில் சாத்தினார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

தேசப்பனுக்கு உயிர் வந்தது. கூடை கூடையாகச் சோறு வந்தது. மாமனார் எனக்கு முதலில் பரிமாறச் சொன்னார். எனக்கு அன்று என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பாரைப் பிசைந்து, ஒரு உருண்டை உருட்டி, வாயில் போட்டு, மென்று, விழுங்கினார். அவ்வளவுதான், ஒரு மனிதன் சோறு தின்கிற காரியம். ஆடியிலிருந்து என் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்தது அந்த உருண்டையோடு இறங்கியது. ரசத்தில் உப்பு இல்லை என்று தேசப்பனை வைதார். வைதுகொண்டே இரண்டாம் தடவை வாங்கினார். எனக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது, சிரித்தும் விட்டேன். வரலட்சுமி முழங்கையால் இடித்தாள். அந்த இடி எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொல்லி மாளாது.

கை கழுவிவிட்டுக் கல்லாவுக்கு வந்தோம். என் மூன்று எட்டணாவும் அதே இடத்தில் கிடந்தன. இலைக்கு எட்டணா. எனக்கு ஒன்று, மாமனாருக்கு ஒன்று எடுத்துக்கொண்ட தேசப்பன் மூன்றாவது காசில் கை வைப்பதற்குள் மாமனார் இடுப்பிலிருந்து ஒரு எட்டணாவை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

“எம்பொண்ணு எலைக்கு நான் குடுக்கறேன். கம்பெனி அவளுக்கு ஏன் சோறு போடணும்?”

“என் சம்சாரம் எலைக்கு நான்தான் குடுப்பேன்” என்றேன் நான். கோபம் இல்லை, ஆனால் குரல் உயர்ந்துவிட்டது.

“அவ எங்க வீட்டுல இருந்து வந்து சாப்புட்டா மாப்ளே. அவ சாப்பாடு என் பொறுப்பு.”

அவர் சொன்னதில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காசு யாருடையதோ, பெண் அந்த வீட்டுக்கு. சாப்பிட்டுச் சமாதானமாகிவிட்டோமே தவிர, அவள் ராத்திரி வண்டி ஏறுவாளா மாட்டாளா என்பதை இன்னும் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. தேசப்பன் இரண்டு காசில் எதையும் தொடாமல், கை துடைத்தபடி வந்த வரலட்சுமியைப் பார்த்தார்.

“யாரு காசம்மா எடுத்துக்கறது?”

அவள் இரண்டு காசையும் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஒருத்தரும் இல்லை என்று நான் சொன்ன வார்த்தை அவளுக்கு மறந்திருக்காது, இப்போது அதற்குக் கூலி கொடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அப்பாவின் காசை எடுத்தாள். எடுத்த காசை அவர் கையிலேயே வைத்து, விரல்களை மூடினாள்.

“இத்தினி வருஷம் நீதான போட்ட நைனா. போதும்.”

மாமனார் மூடிய கையைப் பார்த்தபடி நின்றார். தலையை மட்டும் ஆட்டினார். அந்தக் காசை இடுப்பில் செருகிக்கொள்ள அவருக்கு நேரம் பிடித்தது. வேட்டி மடிப்பு கைக்கு அகப்படவே இல்லை. தேசப்பன் என் எட்டணாவை எடுத்துக் கல்லாவில் போட்டார். நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்த சந்தோஷத்தில் குதிக்க வேண்டியவன், அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவரே சமாளித்துக்கொண்டு தொண்டையைக் கனைத்தார்.

“படி முழுக்க எங்களுக்கே செலவு பண்ணிட்டீங்களே மாப்ளே. ராத்திரிக்கு என்னா சாப்புடுவீங்க?”

பெட்டியில் ஒரு பொட்டலம்கூட மிச்சமில்லை. கம்பெனி வேலை முடிந்தது, கம்பெனி சோறும் முடிந்தது. இனிமேல் நான் யாருடைய ஆள்?

“வீட்டுல ராத்திரிக்கு என்னா கொழம்பு மாமா?” என்று கேட்டேன்.

அவர் சடக்கென்று முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டு, மாப்பிள்ளை சாப்பிட வருகிறார், முன்னால் ஓடிப்போய் வீட்டில் சொல் என்று சத்தார் பாயிடம் கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.